நீரிறைக்கும் யந்திரத்தில் தீப்பொறி வராவிட்டால்: கொயிலை மாற்றுமுன் கம்பியைச் சோதியுங்கள்



சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர மணல் தோட்டங்களில் ஈரம் தங்குவதில்லை. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வற்றிவிடுகிறது. மிளகாயும் கத்தரியும் பூக்கும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் நீர் தவறினால் பூ உதிரும். உதிர்ந்த பூவை எந்தப் பசளையாலும் மீட்க முடியாது. உட்புறத்து வட்டைகளிலும், வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர்கள், கதிர் வெளிவரும் வேளையில் வடிகாலிலிருந்து நீரை இறைத்தே வெள்ளாமையைக் காப்பாற்ற வேண்டியவர்களாயிருக்கின்றனர். ஆகவே நீரிறைக்கும் யந்திரம் நின்றுபோவதை வெறும் யந்திரக் கோளாறாக எண்ணக்கூடாது. அது பயிருக்கு வந்த ஆபத்தாகும்.

பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் சிறு யந்திரங்கள் நின்றுவிட்டால், பலர் உடனே, ‘கொயில் போய்விட்டது’ என்று முடிவு செய்து புதியதொன்றை வாங்குகின்றனர். சில வேளைகளில் புதிய கொயிலைப் பூட்டிய பின்னரும் யந்திரம் இயங்குவதில்லை. கொயில் எளிதில் கெடும் பொருளன்று. அதனோடு தொடர்புபட்ட கம்பி, சுவிச், பிளக்கின் மூடி ஆகியவையே எமது கடற்காற்றில் முதலிற் கெடுகின்றன. காசு கொடுத்து வாங்குமுன் ஒழுங்குமுறையாகச் சோதிப்பது எவ்வாறு என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகிறது.

இங்கு கூறப்படுவன பெற்றோல், மண்ணெண்ணெய் யந்திரங்களுக்கே உரியன. டீசலில் ஓடும் கை உழவு யந்திரங்களிலும் நான்கு சில்லு உழவு யந்திரங்களிலும் எரிபொருள், அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தால் தானே தீப்பற்றுகிறது. அவற்றிற் கொயிலும் இல்லை, தீப்பொறிப் பிளக்கும் இல்லை.

1. தீப்பொறி எவ்வாறு பிறக்கிறது?

கம்பிச் சுருளுக்கு அருகே காந்தத்தை அசைத்தால் அச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பரடே கண்டறிந்தார். நீரிறைக்கும் யந்திரம் இவ்வுண்மையைக் கொண்டே தொழிற்படுகிறது. நீங்கள் கயிற்றை இழுக்கும்போது சுழலும் பாரச் சில்லின் விளிம்பிற் காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. அது கொயிலைக் கடந்து செல்லும்போது, கொயிலின் உள்ளேயுள்ள தடித்த கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்கிறது. அம்மின்சாரம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது, பல்லாயிரம் சுற்றுக்களைக் கொண்ட மெல்லிய சுருளிற் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் எழுகிறது. அதுவே பிளக்கின் இடைவெளியைத் தாவித் தீப்பொறியாகிறது. பழைய யந்திரங்களில் இத்துண்டிப்பைச் செய்வது பாரச் சில்லின் கீழுள்ள பொயின்ற் ஆகும். புதியனவற்றிற் கொயிலுக்குள்ளேயே அமைந்த மின்னணுப் பகுதி அதனைச் செய்கிறது.

இதிலிருந்து ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். கயிறு இழுத்து இயக்கும் யந்திரம் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பி எதுவும் இல்லை.

2. நிறுத்தும் கம்பி

அங்ஙனமாயின், கொயிலிலிருந்து சுவிச்சுக்குச் செல்லும் மெல்லிய கம்பி எதற்காக? அது யந்திரத்தை நிறுத்துவதற்காக மாத்திரமே உள்ளது. சுவிச்சை ‘நிறுத்து’ என்ற பக்கம் திருப்பும்போது, அக்கம்பி யந்திரத்தின் உலோக உடலோடு சேர்கிறது. கொயிலில் எழும் மின்சாரம் பிளக்குக்குச் செல்லாது உடலிலே வீணாகிறது. யந்திரம் நிற்கிறது. சுவிச்சை ‘ஓட்டு’ என்ற பக்கம் திருப்பும்போது கம்பி உடலிலிருந்து பிரிகிறது. தீப்பொறி வருகிறது.

ஆகவே இக்கம்பியின் உறை எங்கேனும் உரிந்து செம்பு உலோகத்திற் பட்டாலும், சுவிச்சுக்குள் உப்பும் ஈரமும் படிந்து மின்சாரம் கசிந்தாலும், யாரோ சுவிச்சை நிறுத்தி வைத்திருப்பது போலவே யந்திரம் நடந்துகொள்ளும். கொயில் நல்ல நிலையில் இருந்தும் தீப்பொறி வராது.

பழைய மோட்டார் வண்டியில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இவ்வேறுபாட்டை அறியாமல் நான் செய்த பிழையொன்றை இங்கு கூறுவது உங்களுக்குப் பயன்படும்.

கமத்தொழிற் பாடசாலையில் நான் யந்திரவியல் கற்றது ஒரு பழைய மோட்டார் வண்டியை வைத்தேயாகும். கடமையேற்ற முதல் ஆண்டில், நிந்தவூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் நீரிறைக்கும் யந்திரம் நின்றுபோயிற்று. பக்கத்தில் மிளகாய் பூத்து நின்றது. தோட்டக்காரர் வயதில் மூத்தவர். ‘தம்பி, போன வருடமும் கொயில்தான் மாற்றினேன். இந்த வருடமும் கொயில்தானா?’ என்று கேட்டார். ‘இல்லை காக்கா, கொயிலுக்கு மின்சாரம் வரவில்லைப் போலிருக்கிறது’ என்று கூறி, உழவு யந்திரமொன்றின் 12 வோல்ற்றுப் பற்றரியைக் கொண்டுவரச் செய்து, அந்த மெல்லிய கம்பியில் இணைத்தேன். சிறிது நேரத்திற் கொயில் சுட்டு மணந்தது. நன்றாக இருந்த கொயிலை நானே எரித்துவிட்டேன்.

புதிய கொயில் வாங்கிப் பூட்டிய பின்னரும் தீப்பொறி வரவில்லை. இறுதியில் அக்கம்பியைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தபோது யந்திரம் முதல் இழுவையிலேயே இயங்கிற்று. காற்று மூடியின் விளிம்பின் கீழ்க் கம்பி நசுங்கி உறை கிழிந்திருந்தது. அவ்விடத்தைச் சீர் செய்வதற்கு ஒரு சாண் கம்பி போதுமாயிருந்தது. கொயிலின் விலையை நான் கொடுத்தேன். அந்த மூன்று நாளில் உதிர்ந்த மிளகாய்ப் பூவுக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. போன வருடம் மாற்றிய கொயிலும் கெட்டிருந்ததோ என்று அவர் கேட்டார். அதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை.

கயிறு இழுத்து இயக்கும் யந்திரத்தின் நிறுத்தும் கம்பியிற் பற்றரியை ஒருபோதும் இணைக்கக்கூடாது.

3. சோதிக்கத் தொடங்குமுன்

எண்ணெய்த் தாங்கியில் எரிபொருள் இருக்கிறதா, திறப்பு திறந்திருக்கிறதா, சுவிச் ‘ஓட்டு’ என்ற பக்கம் உள்ளதா என்று பார்க்குக. எஞ்சின் ஒயிலையும் பார்க்குக. பல யந்திரங்களில் ஒயில் குறைந்தவுடன் தீப்பொறியைத் தானே நிறுத்தும் உணர் கருவி உண்டு. ஒயில் போதிய அளவு இருந்தும், மணல் மேட்டிலோ கிணற்றுக் கட்டிலோ யந்திரத்தைச் சரித்து வைத்தால், ஒயில் ஒரு பக்கம் ஒதுங்க இக்கருவி தீப்பொறியை நிறுத்திவிடும். முதலில் ஒரு பலகையை இட்டு யந்திரத்தை மட்டமாக வைத்து இயக்கிப் பார்த்தல் நன்று.

பாதுகாப்புக்காகப் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

(அ) எரிபொருள் திறப்பை மூடுக. சிந்திய எண்ணெயைத் துடைத்து, ஆவி நீங்கிய பின்னரே தீப்பொறியைச் சோதிக்குக.

(ஆ) ஈரக் கையாற் பிளக்கின் கம்பியைத் தொடாதீர்கள். காப்புறையுள்ள குறட்டினாற் பிடிக்குக. இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர்கள் இச்சோதனையைச் செய்யக்கூடாது.

(இ) கோடையில் நீர் இறங்கிவிட்டது என்பதற்காக யந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. உள்ளே இறங்குபவரின் உயிரை அது பறித்துவிடும்.

4. சோதிக்கும் ஒழுங்கு

பதறாத காரியம் சிதறாது. பின்வரும் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்க. ஒரு படியையும் தாண்டவேண்டாம்.

முதலாம் படி: பிளக். பிளக்கைக் கழற்றிப் பார்க்குக. கரி படிந்திருந்தால் சுத்தம் செய்க. எண்ணெயில் நனைந்திருந்தால் நன்கு உலர்த்துக. பெரும்பாலான சிறு யந்திரங்களுக்கு முனைகளுக்கிடையே 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். வெண்களிமண் பகுதி வெடித்திருந்தால் பிளக்கை எறிந்துவிடுக. சோதனைக்கென ஒரு புதிய பிளக்கை எப்போதும் பெட்டியில் வைத்திருப்பது சிக்கனமாகும்.

இரண்டாம் படி: தீப்பொறி. பிளக்கை அதன் மூடியிற் செருகி, பிளக்கின் உலோக உடல் யந்திரத்தின் துப்புரவான உலோகத்திற் படும்படி, பிளக் துளைக்குத் தூரமாக வைத்து, நிழலில் நின்று கயிற்றை இழுக்குக. நீல நிறமான பலத்த பொறி வந்தால் கொயிலும் கம்பியும் நன்று. குறை பெரும்பாலும் எரிபொருளிலோ காபரேற்றரிலோ இருக்கும். பொறி மெலிந்து மஞ்சளாயிருந்தாலோ, வராவிட்டாலோ அடுத்த படிக்குச் செல்க. பிளக்கை உலோகத்திற் படவைக்காமல் கயிற்றை இழுக்கவேண்டாம். வெளியேற வழியில்லாத மின்னழுத்தம் கொயிலின் உட்காப்பைத் துளைத்துவிடும்.

மூன்றாம் படி: பிளக்கின் மூடி. மூடியைத் தடித்த கம்பியிலிருந்து திருகிக் கழற்றுக. கம்பியின் முனையிற் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், கம்பி போதிய நீளமாயிருக்குமாயின், ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் வெட்டிவிட்டு மூடியை மீண்டும் திருகுக. 2004 டிசெம்பர் 26இற் கடல் ஏறிய தோட்டங்களில் உப்பு மண்ணுக்குச் செய்த கேட்டை நீங்கள் அறிவீர்கள். காற்றோடு வரும் உப்பு செம்புக் கம்பியை மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமற் கெடுத்துவிடுகிறது.

நான்காம் படி: நிறுத்தும் கம்பி. இதுவே மிக முக்கியமான சோதனை. கொயிலோடு சேரும் இடத்தில் நிறுத்தும் கம்பியைக் கழற்றி, அதன் முனை எதிலும் படாமல் ஒதுக்கி வைத்து, மீண்டும் தீப்பொறியைப் பார்க்குக. இப்போது பொறி வந்தால் கொயில் நல்லது. குறை கம்பியிலோ, சுவிச்சிலோ, ஒயில் உணர் கருவியிலோ உள்ளது. கம்பியின் நிறத்தைக் கொண்டு அது எதுவென முடிவு செய்யவேண்டாம். முன்னர் பழுது பார்த்தவர் வேறு நிறக் கம்பியை இட்டிருக்கக்கூடும்.

இக்கம்பியைக் கழற்றிய நிலையில் யந்திரத்தை இயக்கினால் சுவிச்சினால் அதை நிறுத்த முடியாது. எரிபொருள் திறப்பை மூடியோ சோக்கை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். அன்றைய நீர்ப்பாய்ச்சலை முடிப்பதற்கு இவ்வாறு இயக்கலாம். ஆயினும், ஒயில் உணர் கருவியும் அப்போது தொழிற்படாது. ஆகையால் ஒயில் அளவை முன்கூட்டியே பார்த்தல் வேண்டும். அதனையே வழக்கமாக்கக்கூடாது. அவசரத்தில் நிறுத்த முடியாத யந்திரம் ஆபத்தானது.

ஐந்தாம் படி: குறையுள்ள இடத்தைக் கண்டறிதல். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டு டோர்ச் பற்றரிகளையும், இழையுள்ள ஒரு டோர்ச் பல்பையும் தொடராக இணைத்தாற் சோதனை விளக்காகிவிடும். கொயிலிலிருந்து கழற்றிய கம்பி முனையிற் சோதனை விளக்கின் ஒரு நுனியையும், யந்திரத்தின் உலோக உடலில் மறு நுனியையும் வைக்குக. சுவிச் ‘நிறுத்து’ நிலையிலிருக்கும்போது விளக்கு எரிய வேண்டும். ‘ஓட்டு’ நிலையிலிருக்கும்போது அணைய வேண்டும். ‘ஓட்டு’ நிலையிலும் எரிந்தால் கம்பி எங்கோ உடலிற் படுகிறது. முதலிற் சுவிச்சின் இணைப்பைக் கழற்றிப் பார்க்குக. பின்பு ஒயில் உணர் கருவியின் இணைப்பைக் கழற்றிப் பார்க்குக. எதைக் கழற்றும்போது விளக்கு அணைகிறதோ, அதிலேயே குறை உள்ளது. இரண்டையும் கழற்றிய பின்னரும் எரிந்தால், காற்று மூடியின் விளிம்பிலும் திருகாணிகளின் கீழும் கம்பியின் உறை கிழிந்துள்ள இடத்தைத் தேடுக. இவ்விளக்கைக் கொயிலின் மீது வைத்துச் சோதிக்கவேண்டாம்.

ஆறாம் படி: கொயிலின் இருப்பிடம். நிறுத்தும் கம்பியைக் கழற்றியும் பொறி வராவிட்டால், காற்று மூடியைக் கழற்றுக. கொயிலின் கால்கள் யந்திரத்தோடு சேரும் இடத்திற் துருவும் உப்பும் படிந்திருந்தால் மின்சாரத்தின் வழி தடைப்படும். அவ்விடத்தையும் சில்லின் காந்த முகத்தையும் அரத்தாளினாற் தேய்த்துச் சுத்தம் செய்க. கொயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் இடைவெளி பல யந்திரங்களுக்குப் பொருந்தும். உங்கள் யந்திரத்தின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதனையே பின்பற்றுக. அளவுத் தகடு இல்லாதவர், திருமண அழைப்பிதழ் போன்ற அளவான தடிப்புள்ள அட்டையொன்றைக் காந்தத்துக்கும் கொயிலுக்கும் இடையே வைத்து, கொயிலைக் காந்தம் இழுக்க விட்டு, திருகாணிகளை இறுக்கியபின் அட்டையை உருவி எடுக்கலாம்.

ஏழாம் படி: பொயின்ற் உள்ள பழைய யந்திரங்கள். பாரச் சில்லைக் கழற்றி, பொயின்ற் முகங்களைத் துப்புரவாக்குக. அவை முழுதாகத் திறந்த நிலையில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும். துப்புரவாக்கியபின் வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை இடையே வைத்து இழுத்து எண்ணெய்ப் பசையை நீக்குக. பொயின்ற் முகங்கள் விரைவிற் கருகினால் கொண்டென்சர் கெட்டிருக்கலாம். சில்லைக் கழற்றும்போது, அதனை அச்சோடு பிணைக்கும் சிறு சாவி அறுந்திருக்கிறதா என்றும் பார்க்குக. அது அறுந்திருந்தாற் பொறி வரும், ஆயினும் பிழையான வேளையில் வரும். கயிறு கையைப் பின்னோக்கி இழுக்கும்.

இவ்வேழு படிகளும் முடிந்த பின்னரும் பொறி வரவில்லையாயின், அப்பொழுதே கொயில் கெட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

5. சூடேறிய பின் நிற்கும் யந்திரம்

காலையில் இயங்கி, அரை மணி நேரத்தின் பின் நின்று, ஆறியதும் மீண்டும் இயங்கும் யந்திரங்கள் உண்டு. உட்சுருளில் வெடிப்புள்ள கொயில் இவ்வாறு நடக்கும். ஆனால் எண்ணெய்த் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் இதே அறிகுறி தோன்றும். இரண்டையும் பிரித்தறிய வழி ஒன்று உண்டு. யந்திரம் நின்ற அக்கணமே, ஆறவிடாமல், சூட்டிற் கை படாதபடி கவனமாகத் தீப்பொறியைச் சோதிக்குக. பொறி இல்லையாயின், நிறுத்தும் கம்பியைக் கழற்றி மீண்டும் பார்க்குக. அப்போதும் வராவிட்டாற் கொயிலே குற்றவாளி. பொறி வந்தால், தாங்கியின் மூடியைச் சிறிது தளர்த்தி இயக்கிப் பார்க்குக. ஒரு சிறு துளையிற் படிந்த தூசுக்காகக் கொயில் வாங்கவேண்டாம்.

6. பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல, மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டியை உங்களுட் சிலர் இன்றும் வைத்திருக்கலாம். அவ்வண்டியிற் தீப்பொறிக்கான மின்சாரம் பற்றரியிலிருந்து வருகிறது. பற்றரியிலிருந்து சாவிச் சுவிச்சுக்கும், அங்கிருந்து கொயிலுக்கும், கொயிலிலிருந்து பொயின்றுக்கும் கம்பிகள் செல்கின்றன. சாவியைத் திருப்பும்போது கம்பி சேர்கிறது. நீரிறைக்கும் யந்திரத்தின் சுவிச்சை ‘ஓட்டு’ என்று திருப்பும்போது கம்பி பிரிகிறது. இரண்டினதும் வேறுபாடு இதுவே.

அவ்வண்டியின் கொயிலில் இரண்டு சிறு முனைகள் உண்டு. 12 வோல்ற்றுப் பல்பொன்றின் ஒரு நுனியை வண்டியின் உலோக உடலிலும், மறு நுனியைச் சாவியிலிருந்து வரும் முனையிலும் வைத்துச் சாவியைத் திருப்புக. பல்பு எரியாவிட்டாற் குறை கொயிலுக்கு முன்னரே உள்ளது. எரிந்தால், பொயின்றுக்குச் செல்லும் முனையில் அந்நுனியை வைத்து யந்திரத்தைக் கையாற் சுற்றுக. பொயின்ற் திறக்கும்போது பல்பு எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். அணையாமலே எரிந்தாற் பொயின்ற் மின்சாரத்தைக் கடத்தவில்லை. ஒரு முறையும் எரியாவிட்டால், கொயிலின் உட்சுருள் அறுந்திருக்கலாம், அல்லது பொயின்ற் பக்கத்துக் கம்பியோ கொண்டென்சரோ உடலிற் படலாம். சாவியைத் திருப்பியபடி நெடுநேரம் விடாதீர்கள். கொயில் சூடேறிக் கெடும்.

7. வருமுன் காத்தல்

போகம் முடிந்ததும் யந்திரத்தைக் கிணற்றருகே விட்டுவிடாது, வீட்டுக்குக் கொண்டுவந்து நிலத்தின் ஈரம் படாதபடி பலகைமேல் வைக்குக. கடற்காற்றுப் படும் தோட்டங்களில் மாதம் ஒரு முறை சுவிச்சின் முனைகளையும் கம்பி இணைப்புக்களையும் துடைத்து, சிறிது கிறீஸ் பூசுக. காற்று மூடியைத் திரும்பப் பூட்டும்போது கம்பி அதன் கீழ் அகப்படவில்லை என்பதைக் கண்ணாற் பார்த்த பின்னரே திருகாணியை இறுக்குக. முதுகிற் சுமக்கும் மருந்து விசிறும் யந்திரத்துக்கும் புல் வெட்டும் யந்திரத்துக்கும் இவையே பொருந்தும். அவற்றிலும் நிறுத்தும் கம்பி உண்டு.

கச்சான் வீசுமுன்னரே ஒரு நாளை ஒதுக்கி, மேற்கூறிய படிகளை ஓடுகின்ற யந்திரத்திலேயே ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். பயிர் வாடும் வேளையில் முதன்முறையாகக் கற்பது கடினம். ஐயம் ஏற்படின், யந்திரத்தையும் கழற்றிய பாகங்களையும் எடுத்துக்கொண்டு, உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கள். வரும்போது, நிறுத்தும் கம்பியைக் கழற்றிச் சோதித்தீர்களா என்பதே உங்களிடம் கேட்கப்படும் முதற் கேள்வியாயிருக்கும்.